கம்பி விட்டுக் கம்பி: லீட் கிட்டாரில் வேகம் பிறக்கும் இடம்

லீட் கிட்டாரில் ஸ்வரங்கள் மழையாய்க் கொட்டும்போது பார்ப்பவர் கண் இடது கைக்குத்தான் போகும். விரல்கள் ஃபிரெட் மேல் ஓடுவது கண்ணுக்கு விருந்து. ஆனால் வேகத்தை முடிவு செய்வது பெரும்பாலும் வலது கை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பாதி ஒளிந்திருக்கும் ஒரு பிளாஸ்டிக் துண்டு, அதாவது பிக், எந்த வழியாகக் கம்பியைக் கடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் மாடி அறைகளில் நடக்கும் கிட்டார் வகுப்புகளில் முதல் ஆறு மாதம் கார்டு பிடிப்பதிலேயே போய்விடும். ஞாயிறு ஆராதனையில் பாட்டுக்குத் துணையாக வாசிக்கவும், கல்லூரி விழாவில் மெல்லிசை மேடை ஏறவும் அது போதும். லீட் வாசிக்க ஆசை வரும்போதுதான் வலது கைக்கு இன்னும் பாடமே ஆரம்பிக்கவில்லை என்பது தெரியவரும்.

முதலில் ஒரு கணக்கு. மெட்ரோனோம் நிமிடத்துக்கு 120 தட்டுகிறது. ஒரு தட்டுக்கு நான்கு ஸ்வரம் வாசித்தால் நொடிக்கு எட்டு. அதையே 180க்கு ஏற்றினால் நொடிக்குப் பன்னிரண்டு. ஒரே கம்பியில், ஒரே ஸ்வரத்தை, நொடிக்கு எட்டு முறை பிக்கால் தட்டுவது அப்படியொன்றும் பெரிய வித்தையல்ல. மேசை விளிம்பில் விரலால் தாளம் போடத் தெரிந்தவருக்கு அந்த அசைவு ஏற்கெனவே கையில் இருக்கிறது. சிக்கல் கம்பி மாறும் இடத்தில் வருகிறது. ஆறு கம்பிகள், பிரிட்ஜ் பக்கம் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் இடைவெளி. அந்தப் பத்து மில்லிமீட்டரில்தான் பலருடைய ‘சோலோ’ தடுக்கி விழுகிறது. ஒற்றைக் கம்பியில் சீராக ஓடிய கை, மூன்று கம்பியைத் தாண்டும் ஒரு சின்னச் சங்கதியில் திக்கினால், பிரச்சினை வேகத்தில் இல்லை, தாண்டுவதில் இருக்கிறது. வேகத்தைக் கூட்டச் சொல்லிக் கையை இன்னும் முறுக்கினால் திக்கல் கூடுமே தவிர குறையாது.

பிக்கைப் பிடிப்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஆள்காட்டி விரல் வளைந்திருக்க, அதன் பக்கவாட்டில் பிக்கை வைத்து, மேலே கட்டைவிரலைப் படுக்க வைப்பதுதான் வழக்கமான பிடி. நுனி கொஞ்சம்தான் வெளியே தெரிய வேண்டும். அதிலும் கம்பிக்குள் இறங்குவது ஒரு மில்லிமீட்டர், போனால் இரண்டு. புதிதாகக் கற்பவர் கார்டு அடித்த பழக்கத்தில் பாதிப் பிக்கை உள்ளே விட்டுவிடுவார். ஆழமாக இறங்கிய பிக் வெளியே வர நேரம் பிடிக்கும். பிக்கின் கனமும் முக்கியம். கார்டு அடிக்க ஏற்ற அரை மில்லிமீட்டர் பிக், கம்பியில் பட்டதும் வளைந்து, பிறகு நிமிர்ந்து, அதன் பிறகே ஒலி கொடுக்கும். லீட் வாசிப்பவர்கள் ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட, வளையாத பிக்கைத் தேடுவது அதனால்தான். பெயர் பெற்ற டன்லப் ஜாஸ் 3 பிக் அளவில் சின்னது, கனம் 1.38 மில்லிமீட்டர்.

அடுத்தது கோணம். பிக்கின் தட்டையான முகம் கம்பிக்கு நேர் இணையாக இருந்தால் மோதல் முழுசாக விழும். கம்பி பிக்கைப் பிடித்து நிறுத்தும். பிக்கைச் சற்றே திருப்பி, விளிம்பு முதலில் படும்படி வைத்தால் கம்பி வழுக்கி விலகும். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவருக்கு இதை விளக்கவே வேண்டாம். டூலின் கோணம் தப்பினால் வெட்டு அதிரும், ஜாப் கெடும். கோணம் சரியென்றால் அதே இரும்பு சுருள் சுருளாக உரிந்து வரும். பிக்கும் அப்படித்தான். ரொம்பத் திருப்பிவிட்டால் கம்பியை அறுப்பது போல ‘சர்’ரென்ற உரசல் சத்தம் கேட்கும். இரண்டுக்கும் நடுவில் தன் கைக்கு ஏற்ற இடத்தை ஒவ்வொருவரும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

கோணம் படிந்த பிறகு அசைவு. கீழே இறங்கிய பிக் எப்படியும் மேலே வந்தாக வேண்டும். வரும் வழியிலும் ஒரு ஸ்வரத்தைத் தட்டிக்கொண்டு வந்தால் உழைப்பு பாதி. டவுன், அப், டவுன், அப் என்று மாறி மாறிப் போகும் இந்த ‘ஆல்டர்னேட் பிக்கிங்’தான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். அசைவு மணிக்கட்டிலிருந்து வரலாம், சாவி திருப்புவது போல முன்கை உருள்வதிலிருந்து வரலாம், முழங்கையிலிருந்தும் வரலாம். மூன்றிலும் தேர்ந்தவர்கள் உண்டு. ஆனால் தோளும் முழங்கையும் விறைத்துக்கொண்டு நடுங்குவது போல வாசித்தால் சில நிமிடங்களில் கை எரியும். எரிச்சல் தொடங்கினால் நிறுத்திவிட வேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு வாசித்துத் தசைநாரைக் கெடுத்துக்கொண்டால் மாதக்கணக்கில் கிட்டாரைத் தொட முடியாமல் போகும்.

இனிக் கம்பி தாண்டும் விஷயம். கம்பிகளை வயல் வரப்புகளாக நினைத்துக்கொள்ளலாம். டவுன் ஸ்ட்ரோக் முடிந்ததும் பிக் இரண்டு வரப்புக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் நிற்கிறது. ஒரு கம்பிக்கு மூன்று ஸ்வரம் என்று வைத்து வாசித்தால் தொடங்கும் கம்பியில் டவுன், அப், டவுன். அடுத்த ஸ்வரம் பக்கத்து மெல்லிய கம்பியில், அப் ஸ்ட்ரோக்காக வர வேண்டும். பள்ளத்தில் நிற்கும் பிக் அந்தக் கம்பியின் மேலே ஏறிக் குதித்து, அந்தப் பக்கம் இறங்கி, மறுபடி மேல்நோக்கித் தட்ட வேண்டும். இதெல்லாம் எட்டில் ஒரு பங்கு நொடிக்குள். மெதுவாக வாசிக்கும்போது இந்தச் சுற்றுவழி உறைக்காது. வேகம் கூடியதும் கை தானாக விறைக்கும். பிக் தவறான கம்பியில் இடிக்கும்.

இதற்குத் தீர்வு பிக் போகும் பாதையைச் சாய்ப்பது. கம்பிகள் அமைந்த தளத்துக்கு இணையாக பிக் போய்வந்தால் இரண்டு முனையிலும் பள்ளத்தில்தான் நிற்கும். பாதையைச் சற்றுச் சாய்த்தால் ஒரு முனை பள்ளத்துக்குள், மறுமுனை காற்றில். அப் ஸ்ட்ரோக் காற்றில் முடியும்படி சாய்த்துக்கொண்டவர் அப் ஸ்ட்ரோக்குக்குப் பிறகு எந்தக் கம்பிக்கு வேண்டுமானாலும் தாராளமாகப் போகலாம். தடை எதுவும் இல்லை. டவுன் ஸ்ட்ரோக் காற்றில் முடியும்படி எதிர்ப்பக்கம் சாய்ப்பவர்களும் உண்டு. சங்கதிக்கு ஏற்பச் சாய்வை மாற்றிக்கொள்பவர்களும் உண்டு. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் டிராய் கிரேடி, தேர்ந்த கைகளை மிக நெருக்கத்தில் படம் பிடித்து, வேகத்தைக் குறைத்துப் பார்த்து இந்தச் சாய்வுக் கணக்கைப் பலருக்கும் புரிய வைத்தார். அதுவரை இதைச் செய்துகொண்டிருந்த பலர் தாங்கள் என்ன செய்கிறோம் என்றே அறியாமல் செய்துகொண்டிருந்தார்கள். கை அறிந்ததை வாய் சொல்லத் தெரியாமல் இருப்பது இசையில் சகஜம்.

இந்தச் சாய்வுக்குச் சுவையான உதாரணம் ஸ்வீடன் நாட்டு இங்வே மால்ம்ஸ்டீன். 1984ல் வந்த ‘ரைசிங் ஃபோர்ஸ்’ இசைத்தட்டில் அவர் காட்டிய வேகம் ஒரு தலைமுறைக் கிட்டார்காரர்களைத் தூங்கவிடவில்லை. அவர் பிக் சாய்ந்திருப்பது ஒரே பக்கம். அப் ஸ்ட்ரோக்தான் காற்றில் முடியும். எனவே கம்பிக்கு இரண்டு, நான்கு, ஆறு என்று இரட்டைப்படையில் ஸ்வரங்களை அடுக்கினார். மெல்லிய கம்பிப் பக்கம் போகும்போது ஒற்றைப்படை வந்தால் டவுன் ஸ்ட்ரோக்கை அப்படியே அடுத்த கம்பி மேல் இழுத்துவிட்டார். திரும்பி வரும்போது ஒற்றைப்படை வந்தால் ஒரு ஸ்வரத்தைப் பிக்கால் தொடாமல் இடது விரலால் சுண்டிக்கொண்டார். கையை மாற்றவில்லை, கைக்கு ஏற்றபடி சங்கதியை மாற்றினார். ‘இப்படித்தான் வாசிக்க வேண்டும்’ என்று அடம்பிடிக்கும் பாடப்புத்தகங்களைவிட இது நல்ல பாடம்.

டவுன் ஸ்ட்ரோக்கை அடுத்த கம்பிக்கு இழுத்துச் செல்வதற்கு ‘எகானமி பிக்கிங்’ என்று பெயர். டவுன், அப், டவுன், பிறகு அதே வீச்சில் அடுத்த கம்பியில் டவுன். குதித்துச் சுற்றிவரும் வேலை மிச்சம். இதையே கம்பிக்கு ஒரு ஸ்வரமாக நீட்டினால் ‘ஸ்வீப் பிக்கிங்’. தெருவில் போகும் பையன் குச்சியை இரும்பு கிரில் கேட்டில் வைத்து இழுத்துக்கொண்டே போவது போல, ஒரே இழுப்பில் பிக் ஐந்தாறு கம்பிகளைக் கடக்கும். ஆஸ்திரேலியாவின் ஃபிராங்க் கம்பாலே இந்த முறையில் பெயர் எடுத்தவர். இளைய நிலா (‘பயணங்கள் முடிவதில்லை’, 1982) பாட்டில் ஆர். சந்திரசேகர் வாசித்த கிட்டாரைக் கேட்டவர்களுக்குக் கம்பி விட்டுக் கம்பி சொட்டும் ஸ்வரங்களின் அழகு தெரியும். தமிழ்நாட்டில் கிட்டார் வாங்கிய பலரும் முதலில் வாசிக்க ஆசைப்படும் பாட்டு அது. அங்கே ஒவ்வொரு கம்பியும் நின்று முழங்குவதுதான் அழகு. ஸ்வீப்பில் நேர் எதிர்: ஒரு ஸ்வரம் ஒலித்ததும் இடது விரல் சற்றே எழுந்து அதை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் சேர்ந்து ஒரு கார்டாகக் குழம்பிவிடும். ஸ்வீப் கடினம் என்பவர்கள் பொதுவாக வலது கையைக் குறை சொல்வார்கள். கோளாறு இடது கை அணைக்கத் தவறுவதில்தான் இருக்கும்.

பிக்கால் வாசிக்கும் வேகத்துக்கு ஆதாரம் தேடித் தமிழ் வாசகர் ஸ்வீடன் வரை போக வேண்டியதில்லை. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் 1969ல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்தவர். 1981ல், சிறுவனாக, சென்னை இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி மேடையில் வாசித்தார். குரு ருத்ரராஜு சுப்பராஜு செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாட, சிறுவன் கேட்டு வாசித்தான். மேல்நாட்டு மாண்டலினில் கம்பிகள் இரட்டை இரட்டையாக இருக்கும். ஒலி சட்டென்று அடங்கிவிடுவதால் நீண்ட ஸ்வரத்துக்குப் பிக்கைப் படபடவென்று அடித்துக்கொண்டே இருப்பார்கள். ஸ்ரீநிவாஸ் ஒற்றைக் கம்பிகளுக்கு மாறினார். மின் இணைப்புள்ள மாண்டலினை எடுத்துக்கொண்டார். பின்னாளில் அவர் வாசித்தது ஐந்து கம்பி. ஒலி நீண்டு நிற்க ஆம்ப் இருந்ததால் படபடப்பு தேவைப்படவில்லை. ஒரு தட்டில் கமகம் முழுவதையும் இழைக்க முடிந்தது; வேகமான கல்பனாஸ்வரத்தில் மட்டும் பிக் முழு வேலையில் இறங்கியது. வேகக் கை இருந்தும் எங்கே தட்டக் கூடாது என்று தெரிந்திருந்ததுதான் அவர் வாசிப்பின் உயரம் என்று சொல்லலாம்.

அந்தக் கையோடு மேடையைப் பகிர்ந்துகொண்டவர் ஜான் மெக்லாக்லின், ஆல்டர்னேட் பிக்கிங்கில் உலகமே மதிக்கும் ஆங்கிலேயர். 1970களில் விக்கு விநாயக்ராமின் கடமும் ஜாகிர் உசேனின் தபலாவும் எல். சங்கரின் வயலினும் சேர்ந்த ‘சக்தி’ குழுவில் வாசித்தார். பிறகு ‘ரிமெம்பர் சக்தி’யில் ஸ்ரீநிவாஸும் சேர்ந்தார். 1980 டிசம்பர் 5 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆல் டி மியோலா, பாக்கோ டி லூசியா இருவரோடும் மெக்லாக்லின் வாசித்த கச்சேரியின் பதிவு கிட்டார் மாணவர்கள் இன்றும் கேட்பது. அந்த மூவரில் இருவர் கையில் பிக். பாக்கோ கையில் ஒன்றும் இல்லை. ஃபிளமெங்கோ மரபுப்படி ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறித் தட்டின. நம் வீணையில் மீட்டுவதும் அதே இரண்டு விரல்கள்தான். கருவியும் நாடும் எதுவானாலும், மாறி மாறித் தட்டினால்தான் வேகம் வரும் என்பதைக் கைகள் தாமாகவே கண்டுகொண்டிருக்கின்றன.

கர்நாடக இசையைச் சாதாரணக் கிட்டாரிலேயே வாசித்துக் காட்டிய பிரசன்னா சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானம் படித்து, பாஸ்டன் பெர்க்லீயில் இசை பயின்றவர். 2010ல் தொடங்கிய சுவர்ணபூமி இசைக் கல்விக்கூடத்துக்குத் தலைமை தாங்கினார். இந்த வரிசையைப் பார்த்தால் ஒன்று புலப்படும்: வேகப் பயிற்சிக்கான பாடத்திட்டம் நம் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. பாட்டு வாத்தியார் வீட்டில் பாய் விரித்துச் சொல்லிக்கொடுக்கும் வரிசைகள்தான் அவை.

செய்து பார்க்கலாம். கிட்டாரின் தடித்த ஆறாம் கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டை ஷட்ஜமமாக வைத்துச் சங்கராபரணம், கம்பிக்கு மூன்று ஸ்வரம். ஆறாம் கம்பியில் 3, 5, 7. ஐந்தாவதில் 3, 5, 7. நான்காவதில் 4, 5, 7. மூன்றாவதில் மறுபடி 4, 5, 7. இரண்டாவதிலும் முதலாவதிலும் 5, 7, 8. சரளி வரிசை போல ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஒரு முறை தட்டினால் கம்பிக்கு மூன்று தட்டு. ஒரு கம்பி டவுனில் முடியும், அடுத்தது அப்பில் முடியும். அதாவது இரண்டு வகைத் தாண்டலும் மாறி மாறி வரும். எது திக்குகிறது என்று உடனே தெரிந்துவிடும். அதையே ஜண்டை வரிசை போல இரண்டிரண்டாகத் தட்டினால் கம்பிக்கு ஆறு தட்டு. ஒவ்வொரு கம்பியும் டவுனில் தொடங்கி அப்பில்தான் முடியும். சாய்வு சரியாக அமைந்த கை இங்கே வழுக்கிக்கொண்டு ஓடும். ஜண்டையில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பாடும்போது ஜோடியின் இரண்டாவது ஸ்வரத்துக்குத்தான் அழுத்தம். கிட்டாரில் அந்த இரண்டாவது அப் ஸ்ட்ரோக். எல்லோருக்கும் பலவீனமான அப் ஸ்ட்ரோக்குக்கு இதைவிட நல்ல உடற்பயிற்சி கிடையாது. தாட்டு வரிசையில் ஸ்வரங்கள் தாவித் தாவி வரும். கம்பி விட்டுத் தாண்டும் ‘ஸ்ட்ரிங் ஸ்கிப்பிங்’குக்கு அது ஆகும்.

சொல்கட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். தகதிமி என்று நான்காகச் சொல்லிக்கொண்டு தட்டினால் ‘த’ எப்போதும் டவுனில் விழும். தகிட என்று மூன்றாகச் சொன்னால் முதல் ‘த’ டவுன், அடுத்த ‘த’ அப். அழுத்தம் மாறி மாறி விழுவதால் இரண்டு திசைக்கும் ஒரே பலம் வரும். தகதகிட என்ற ஐந்திலும் அப்படியே. மெக்லாக்லின், கஞ்சிரா கலைஞர் செல்வகணேஷுடன் சேர்ந்து, சொல்கட்டை வாயால் சொல்லும் கொன்னக்கோல் பாடத்தை 2007ல் டிவிடியாகவே வெளியிட்டார். நம் ஊர் மாணவருக்கு அது பக்கத்துத் தெரு மிருதங்க வகுப்பில் ஜன்னல் வழியாகவே காதில் விழும்.

வேகம் ஏற்றுவதில் இரண்டு கட்சிகள் உண்டு. மெட்ரோனோமில் 60ல் தொடங்கி இரண்டிரண்டாக ஏற்றுவது ஒன்று. தாளத்தை மாற்றாமல் முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று இரட்டித்துப் போவது நம் வழி. நிமிடத்துக்கு 60 என்ற தாளத்தில் முதல் காலம் நொடிக்கு ஒரு ஸ்வரம், மூன்றாம் காலம் நான்கு. இன்னொரு முறை இரட்டித்தால் எட்டு. ‘மெதுவாக வாசி, வேகம் தானாக வரும்’ என்ற வாத்தியார் வாக்கு பாதிதான் உண்மை. மெதுவாக நடப்பவரின் கால் அசைவு வேறு, ஓடுபவரின் அசைவு வேறு. நடையைப் படிப்படியாகக் கூட்டினால் அது ஓட்டம் ஆகிவிடாது. மெதுவாக வாசிக்கும்போது எந்தச் சுற்றுவழியும் செல்லும் என்பதால் தவறான அசைவே பழகிவிடக்கூடும். இரட்டிப்பு முறையின் பலம் அங்கேதான்: கை நிஜ வேகத்தைச் சீக்கிரமே சந்தித்துவிடுகிறது. ஆறே ஸ்வரம் கொண்ட ஒரு துண்டை முழு வேகத்தில் ஒரு முறை பாய்ந்து வாசித்து நிறுத்துவது, பிறகு அதையே மெதுவாக்கிப் பழுது பார்ப்பது என்று இரண்டையும் கலந்து செய்பவர்களுக்குப் பலன் சீக்கிரம் தெரிகிறது. எந்த வேகத்திலும் இடது விரல் ஃபிரெட்டில் பதியும் கணமும் பிக் தட்டும் கணமும் ஒன்றாக இருக்க வேண்டும். கேட்க அரைகுறையாக, எச்சில் தெறிப்பது போல ஒலித்தால் இரண்டு கையும் பிசகுகின்றன என்று அர்த்தம்.

சில்லறை விஷயங்கள் சில, ஆனால் இங்கே அவை பெரியவை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் இரவு ஒன்பதுக்கு மேல் ஆம்ப் போட முடியாது. எலக்ட்ரிக் கிட்டாரை ஒயர் செருகாமலே வாசித்துப் பழகுவார்கள். சத்தம் போதாமல் கை தன்னையறியாமல் ஓங்கி அடிக்கும். மேடையில் ஆம்ப் போட்டதும் அந்த அடி அத்தனையும் உரசலாகவும் பக்கத்துக் கம்பிகளின் முனகலாகவும் வெளியே வரும். ஹெட்போன் ஆம்ப் ஒன்று இருந்தால் இந்தக் கெட்ட பழக்கம் ஒட்டாது. சித்திரை, வைகாசி வெயிலில் வியர்வையால் பிக் விரலுக்குள் சுழலும். சொரசொரப்பான பிடியுள்ள நைலான் பிக் நழுவாது. வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் துடைத்து வைக்காவிட்டால் துரு ஏறும். துருவேறிய கம்பியில் எந்தப் பிக்கும் வழுக்காது. ஃபிரெட்டிலிருந்து கம்பி எழும்பி நிற்கும் கிட்டாரில் இடது கை ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மல்லுக்கட்ட வேண்டும். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் இரண்டு மில்லிமீட்டருக்குள் இருக்கும்படி செட் செய்து வாங்கினால் பாதி வேகம் கடையிலேயே கிடைத்துவிடும்.

கடைசியாக, பாக்கெட்டில் இருக்கும் செல்போன். இப்போதைய போன்கள் பலவற்றில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷன் இருக்கிறது. நொடிக்குப் பன்னிரண்டு தட்டு வாசித்தாலும் ஒவ்வொரு தட்டுக்கும் இருபது படம் கிடைக்கும். போனைக் கிட்டாரின் கழுத்துப் பக்கம் சாய்த்து வைத்து, கம்பிகளின் நீளவாக்கில் பிரிட்ஜைப் பார்க்கும்படி படம் பிடிக்க வேண்டும். கம்பி மாறும் அந்தப் படத்தில் நிறுத்திப் பார்த்தால், பிக்கின் நுனி கம்பிக்கு மேலே காற்றில் இருக்கிறதா, இரண்டு கம்பிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறதா என்பது பளிச்சென்று தெரியும்.